காக்கையைக் கூப்பிட்டால் முந்திரி வரும்

துவைக்கிற கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன் மேல் ஒரு கைப்பிடி சோறு வைத்தேன். பருப்பு, நெய், ஓரமாகக் கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல். "கா... கா... கா..." என்று மூன்று முறை கூப்பிட்டேன்.

முருங்கை மரத்தில் இருந்த காக்கை கழுத்தைச் சாய்த்துக் கல்லைப் பார்த்தது. சிறகைக்கூட விரித்துவிட்டது. அதற்குள் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ ஒன்று பாய்ந்து வந்தது. முன்னங்கால்களைக் கல்லில் ஊன்றி, இரண்டே வாயில் சோற்றை முடித்து, கல்லையும் நக்கித் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

காக்கையும் என்னைத்தான் பார்த்தது. பிறகு பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்து போய்விட்டது.

"அம்மா, தாத்தா சோத்த முந்திரி தின்னுருச்சு!" என்றாள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த என் மகள் இனியா. நாலு வயது. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"உஷ்ஷ்..." என்று வாயைப் பொத்தினேன். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் பொத்தினேன்.

முந்திரி எங்கள் நாய்க்குட்டி. தாத்தா என்பது என் மாமனார். அவர் காலமான நாளிலிருந்து, மதியம் நாங்கள் சாப்பிடும் முன்பு ஒரு பிடி சோறு காக்கைக்கு வைக்க வேண்டும் என்பது என் கணவரின் ஏற்பாடு. அவருக்கு அலுவலகம், ஆகவே வைப்பது நான். அன்றைய தேதிக்கு மாமனாரின் வருஷத் திதிக்கு இருபத்திரண்டு நாட்கள் இருந்தன.

சருகுக்குள் ஒரு குட்டி

வீடு கட்டிய கதையை இந்தத் தொடரில் பல வாரங்கள் எழுதித் தீர்த்தபோது, நடுவில் ஓரிடத்தில் 'நாய் குரைத்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எந்த நாய், எப்போது வந்தது என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம் அது. கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு என் கணவரின் சிநேகிதருக்கு ஒரு முந்திரிக் காடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்கப் போனோம். முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை காடு முழுக்க. இனியா சருகைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒரு மரத்தடியில் சருகு தானாக அசைந்தது. உள்ளே இது.

காவல் நாய் போட்ட ஆறு குட்டிகளில் கடைசிக் குட்டியாம். மற்ற ஐந்துக்கும் ஆள் வந்தாயிற்று. தாய் நாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

"அம்மா, இத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோமா?"

"யோசிப்போம்," என்றேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். இனியாவுக்கு அது தெரியாது. என் கணவருக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அவர் குட்டியைத் தூக்கிச் சட்டையோடு அணைத்துக்கொண்டிருந்தார். அது அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் நான் மட்டும் பேசினேன். பூச்சி இருக்குமே, பல் படுமே, ஊசி போட வேண்டுமே, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். "எல்லாம் நீ பாத்துக்குவ," என்றார். அதுதான் என் கவலையே.

பெயர் வைத்தது இனியா. "முந்திரிக் காட்டுல கெடச்சா முந்திரிதானே?" என்றாள்.

ஒரே நோட்டு

நான் வேதியியல் படித்து, கொஞ்ச காலம் கல்லூரியில் பாடமும் எடுத்தவள். அளக்காமல் எதையும் செய்ய வராது. இனியா ஆறு மாதத்தில் கேழ்வரகுக் கூழ் குடிக்கத் தொடங்கியபோது ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு எத்தனை ஸ்பூன், வயிறு எப்படிப் போனது, எல்லாம் அதில் இருக்கும். பாதி நோட்டில் அவள் வளர்ந்துவிட்டாள். மீதிப் பாதியில் முந்திரியை எழுதினேன்.

முதல் வாரமே பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடெங்கும் பினாயில் வாசனை. குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பசு, இரண்டு ஆடுகள்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். நோட்டை வாங்கிப் புரட்டினார். "இதுல பல்லு மொளைக்குது, கையப் புடிச்சா நிக்கிதுன்னு போட்டிருக்கே?"

"அது என் பொண்ணுங்க. நாயி பின்னாடி இருக்கு."

அவர் சிரித்து முடிக்கும் வரை ஆட்டுக்காரர் காத்திருந்தார்.

"பால நிறுத்துங்க. குழைஞ்ச சோறு, வேகவச்ச கோழி, முட்டை. வெங்காயம் வேணாம், காரம் வேணாம். ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சங்கொஞ்சமா. பூச்சி மருந்து இன்னைக்கு, ஊசிக்குத் தேதி எழுதித் தாரேன். அவ்வளவுதான். அப்புறம்..."

"சொல்லுங்க டாக்டர்."

"நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

அதையும் நோட்டில் எழுதிவிடப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடிவிட்டேன்.

பேருக்கு வராது

சோறு பழகிவிட்டது. பழக்கம்தான் பழகவில்லை. செல்போனில் நாய் பழக்கும் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். முதல் பாடம், பெயரைச் சொன்னால் வர வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை "முந்திரி" என்றேன். அது செருப்பைக் கடித்தபடி, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல இருக்கும்.

தப்பு எங்கள் மேல்தான். என் கணவர் அதை "டேய்" என்பார். இனியா "முந்தி" என்பாள், "பாப்பா" என்பாள், சில நாள் "மிஸ்" என்பாள். பால்காரர் "ச்சூ" என்பார். எந்தப் பெயரைத்தான் அது நம்பும்?

மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. தினமும் அதே நேரம், அதே கல், அதே ராகத்தில் மூன்று "கா". அதன் பிறகு கட்டாயம் சோறு. அதுவும் அதன் தட்டில் விழும் உப்பில்லாத சோறு அல்ல, நெய்யும் பருப்பும் போட்ட சோறு. ஆரம்பத்தில் காக்கை சிந்தியதைக் கீழே பொறுக்கித் தின்றது. கால் வளர்ந்ததும் கல்லின் மேலேயே கை வைத்தது. ஒரே நிபந்தனை, ஒரே விளைவு. ஆய்வகத்தில் நான் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். என்னை அறியாமல், நாள் தவறாமல், நானே அதைப் பழக்கியிருக்கிறேன்.

இடத்தை மாற்றலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சுற்றுச்சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. மாடிக்கு இன்னும் படி கட்டவில்லை. அந்தப் புராணத்தைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டேனே.

டீச்சர் வீட்டு மாடி

ஒரு வாரத்தில் காக்கைகள் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டன. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மாடியில் துணி உலர்த்தும்போது குரல் கொடுத்தார்.

"சுகந்தி, ஒங்க வீட்டுக் காக்கா பூராம் இங்கிட்டுதான் இருக்கு. மொளகா காயப்போட முடியல. என்ன, சமையல் சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர்."

"ஒங்க மாமனாருக்கு எங்க வீடு புடிச்சுப்போச்சு போல. கெறிஸ்துமசுக்கு இருந்துட்டுப் போகச் சொல்லவா?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் மாடி விளிம்பில் இருந்த காக்கைகளை எண்ணிப் பார்த்தேன்.

காக்கைக்கும் எனக்கும் பழைய உறவு உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது இனியா காக்கையைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பாள். கிண்ணத்தோடு முருங்கை மரத்தடியில் நின்று, "அந்தா பாரு காக்கா, ஒரு வாய் காக்காவுக்கு, ஒரு வாய் பாப்பாவுக்கு" என்று எத்தனை மதியங்கள்! ஒரு நாள் ஒரு காக்கை என் கையிலிருந்த முட்டைத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். சிரித்த வாயில் நான் ஒரு ஸ்பூனைத் திணித்தேன். அன்றைக்கு நோட்டில் 'முழுக் கிண்ணம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்தக் காக்கைகளை நானே விரட்டிவிட்டேனே என்று இருந்தது.

அந்த வாரம் மல்லிகா அண்ணி போன் செய்தார். என் கணவரின் அக்கா, திருவரங்குளத்தில் இருக்கிறார். அப்பா மேல் உயிர்.

"திதிக்கு நாங்க காலையிலயே வந்துருவோம் சுகந்தி. பதினாறாம் நாளு எலைய வச்சு நிமிரல, காக்கா வந்துருச்சு. பாத்தீல்ல? இந்த வாட்டியும் அப்பா அப்படி வரணும். அவரு வந்து எடுக்காம ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது."

"சரிங்க அண்ணி."

"நாயி ஒன்னு வளக்குறீகளாமே? எனக்குப் புடிக்கல, சொல்லிட்டேன். திதியில அது கோளாறு எதுவும் பண்ணுச்சுன்னா அன்னைக்கே கொண்டுபோயி முந்திரிக் காட்டுல விட்டுட்டு வரச் சொல்லிருவேன் தம்பிய."

அவர் சொன்னால் என் கணவர் செய்வார். அக்கா சொல்லை அவர் தட்டி நான் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இனியா தரையில் படுத்து, முந்திரியின் காதுக்குள் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரு

மறுநாளே தொடங்கினேன். உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே காட்டி, "இரு." உட்கார்ந்தால் வேகவைத்த ஈரலில் ஒரு துணுக்கு. அவ்வளவுதான் பாடம். வீட்டில் எல்லோரும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்று கணவருக்கும் உத்தரவு போட்டேன்.

முதலில் மூன்று எண்ணும் வரை இருந்தது. பிறகு ஐந்து. எண்ணுவது இனியாவின் வேலை. பள்ளியில் இருபது வரை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அவளும் முந்திரியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நானும் இருக்கேன்ல? எனக்கு என்ன?" அவளுக்குப் பொரிகடலை. இப்படி எனக்கு இரண்டு மாணவர்கள்.

இருபது வரை இருக்கப் பழகியதும் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சோறு வைத்தேன். "கா" என்றேன். முந்திரியின் உடம்பெல்லாம் நடுங்கியது. வால் தரையைப் பெருக்கியது. உள்ளங்கையைக் காட்டினேன். இருந்தது. காக்கை வரவில்லை. சோற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "சாப்பிடு" என்று சொல்லி அதன் தட்டை நகர்த்தினேன். அந்தச் சொல் வந்தால்தான் வாய் வைக்க வேண்டும்.

நான்கு நாட்கள் இப்படியே போயின. ஐந்தாம் நாள் ஒரு காக்கை மதில் ஓரம் வந்து நின்றது. நாயைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது, மறுபடி நாயைப் பார்த்தது. இரண்டு தத்துத் தத்தி, ஒரு வாய் கொத்திக்கொண்டு பறந்தது. நான் ஓடிப்போய்க் கணவருக்குப் போன் செய்தேன். "காக்கா வந்துருச்சுங்க!" அவர் மீட்டிங்கில் இருந்தாராம்.

அதன் பிறகு இரண்டு வந்தன, மூன்று வந்தன. இடையில் இரண்டு நாள் மட்டும் வரவில்லை. ஒரு நாள் மழை. முந்திரியை வீட்டுக்குள் வைத்திருந்தேன். இன்னொரு நாள் அதை ஊசிக்கு அனுப்பியிருந்தேன். அன்று பாகற்காய்ப் பொரியல், காக்கைக்குக் கசந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லியிருந்தேன். திதிக்கு முதல் நாள் அவர், "எதுக்கு வம்பு? நாளைக்கு ஒரு நாள் அதப் பின்ரூம்புல கட்டிப் போட்ருவோம்," என்றார்.

அத்தனை நாள் பழக்கியிருக்கிறேனே என்று ஒரு மனம் சொன்னது. பத்துப் பேர் நடுவில் குட்டி நிலை தடுமாறினால் என்று இன்னொரு மனம். எப்போதும் இரண்டாவது மனம்தான் ஜெயிக்கும். கட்டிப் போட்டேன்.

இலை வைத்த பிறகு

தலைவாழை இலையில் சாதம், பருப்பு, வாழைக்காய், பரங்கிக்காய், பாயசம், எள்ளுருண்டை, உளுந்து வடை. மாமனாருக்கு வடை பிடிக்கும். என் கணவர் இலையைக் கல்லின் மேல் வைத்து விழுந்து கும்பிட்டார். எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். கா... கா... கா...

டீச்சர் வீட்டு மாடி விளிம்பில் ஏழெட்டுக் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

பின் அறையிலிருந்து முந்திரி ஊளையிட்டது. பத்துக் குரல்கள் சேர்ந்து தன்னைச் சாப்பிடக் கூப்பிடுகின்றன, தான் மட்டும் கட்டுக்குள் இருக்கிறோம் என்று அது நினைத்திருக்கும்.

கால்மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. பாயசத்தில் ஆடை படிந்தது. அண்ணி சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்பாவுக்கு ஏதோ மனக்கொறை. என்னமோ நடந்திருக்கு இந்த வீட்டுல."

நான் காக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இலையைப் பார்க்கவே இல்லை. ஒன்று ஸ்கூட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தது. இன்னொன்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பார்த்தது. எல்லாம் முன்பு முந்திரி பதுங்கியிருந்த இடங்கள். நாய் எங்கே என்றுதான் தேடின! கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் பயமில்லை. கண்ணில் படாவிட்டால்தான் எங்கிருந்தாவது பாயும். அந்த இரண்டு நாளும் அவை வராததற்குக் காரணம் மழையும் இல்லை, பாகற்காயும் இல்லை.

"அண்ணி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அண்ணி, நாய அவுத்து விட்டாத்தான் காக்கா வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"என்ன சொல்ற நீ?"

சொன்னேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும். முந்திரி தின்ற சோற்றையும், காக்கைகள் டீச்சர் வீட்டுக்குப் போனதையும், ஈரலையும், பொரிகடலையையும். "தப்பு என்னோடதுதாங்க. ஆனா இப்ப அது இருக்கும். நான் பழக்கியிருக்கேன்."

அண்ணி மாடி விளிம்பையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். "அவுத்து விடு," என்றார் கடைசியில். "எலையில மட்டும் வாய வச்சுச்சு..."

இனியா அவிழ்த்துவிட்டாள். அது காற்றாக வந்தது. கழுவிய சிமெண்ட் தரையில் வழுக்கி, புரண்டு எழுந்து கல்லை நோக்கிப் பாய்ந்தது. உள்ளங்கையை நீட்டினேன்.

"இரு."

உட்கார்ந்தது. கல்லுக்கு இரண்டடி தள்ளி. வடை வாசனையில் மூக்கு துடித்தது, வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. ஆனாலும் இருந்தது.

இனியா எண்ணத் தொடங்கினாள். இருபது முடிந்தது. அதற்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் சுற்றில் ஏழு சொல்லும்போது முதல் காக்கை இறங்கியது. நாயை ஒருமுறை பார்த்தது. நேரே வடையைக் கொத்தித் தூக்கியது. அடுத்தது வந்தது. பிறகு சிறகுச் சத்தத்தில் இலையே தெரியவில்லை.

"அப்பா..." என்றார் அண்ணி, யாருக்கும் கேட்காமல். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் பந்திக்கு நகர்ந்தபோது அண்ணி மட்டும் நின்றார். சமையலறைக்குள் போய் ஒரு வடையோடு வந்தார். முந்திரியின் முன்னால் குனிந்து வைத்தார்.

"இந்தா, தின்னு."

முந்திரி வடையைப் பார்த்தது. அண்ணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

"ஏன், திங்காதாமா?"

"நான் சொல்லணுங்க அண்ணி."

திதி வடையில் வெங்காயம் கிடையாது, அது சரி. ஆனால் எண்ணெயில் பொரித்ததாயிற்றே. மிளகு வேறு போட்டிருக்கிறேன். பாதி பிய்த்துக் கொடுத்தால் போதுமோ? டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு...

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பச் சொல்லு சுகந்தி. எங்கப்பாவே காத்திருந்துட்டாரு, இன்னும் எத்தன பேரக் காக்க வைப்ப?"

"சாப்பிடு," என்றேன்.